எண்ணெயும் நரம்பும்: கிடர்பூருக்குத் தெற்கே, 1988

கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகப் பகுதியிலிருந்து தெற்கே இறங்கும் டயமண்ட் ஹார்பர் சாலை, ஏக்பால்பூரையும் மொமின்பூரையும் கடந்து, மாஜேர்ஹாட் பாலத்தின் மீதேறி, தாராதலா வழியாகப் பெஹாலாவை அடைகிறது. தொலைவு சில கிலோமீட்டர்தான். 1988ஆம் ஆண்டில் பெஹாலாப் பகுதியின் நூற்றுக்கணக்கான மக்களுக்குக் கால்கள் செயலிழந்தன. சமையலுக்குப் பயன்பட்ட ரேப்சீட் எண்ணெயில், அதாவது கடுகின் இனத்தைச் சேர்ந்த வித்தின் எண்ணெயில், டிரைகிரெசில் பாஸ்பேட் என்னும் வேதிப்பொருள் கலந்திருந்தது. அந்நகரத்தின் உணவுக் கலப்பட வரலாற்றில் இந்நிகழ்வு தவறாமல் இடம்பெறுகிறது. நரம்பு உயிரியலின் வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு. அந்த இடம் இதுவரை போதிய அளவு பேசப்படவில்லை. நஞ்சுண்டவர்களின் கால்களில் அதன்பின் ஆண்டுக்கணக்கில் நடந்தேறியது, ஷ்வான் செல் என்னும் சிறிய துணைச்செல் எதைச் சாதிக்க வல்லது, எங்கே அதன் ஆற்றல் முடிந்துபோகிறது என்பதற்கு மனித உடலிலேயே எழுதப்பட்ட சான்றாகும்.

டிரைகிரெசில் பாஸ்பேட் உணவுப்பொருள் அன்று. நெகிழியை வளையச் செய்யவும், இயந்திர மசகெண்ணெய்களின் தேய்மானத்தைக் குறைக்கவும், தீப்பற்றாத நீரியல் திரவங்கள் செய்யவும் தொழிற்சாலைகள் அதைப் பயன்படுத்துகின்றன. நிறம் அரிது, மணமும் சுவையும் ஏறக்குறைய இல்லை. சமையல் எண்ணெயில் தடையின்றிக் கரையும். கலப்படம் செய்பவனுக்கு வாய்ப்பான பண்புகள் யாவும் அதற்கு உண்டு. உண்பவருக்கு எச்சரிக்கை தரும் பண்பு ஒன்றுகூட இல்லை. அதன் ஆர்த்தோ வடிவமே நரம்புக்குக் கொடியது. இந்நஞ்சின் தனித்தன்மை தாமதம். உண்ட அன்று வயிற்றுக் கோளாறு ஏற்படலாம், ஏற்படாமலும் போகலாம். அதன்பின் ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை உடல் அமைதியாகத்தான் இருக்கும். பிறகு கெண்டைக்காலில் வலி தோன்றும், விரல்நுனிகள் மரத்துப்போகும், பாதம் தொங்கத் தொடங்கும். கணுக்காலை மேலே தூக்க இயலாதவர், முழங்காலை மிகையாக உயர்த்திப் பாதத்தை வீசி வைத்து நடப்பார். சிலருக்குக் கைவிரல்களும் வலுவிழக்கும். அதற்குள் எண்ணெய்ப் புட்டி காலியாகி வேறு புட்டி வந்திருக்கும். இந்த இடைவெளிதான் காரணத்தை மறைப்பது.

கொல்கத்தாவுக்கு எண்ணெய்வழி நோய் புதிதன்று. கால் வீக்கமும் இதயத் தளர்ச்சியும் கொண்ட 'கொள்ளைநோய் நீர்க்கோவை' முதன்முதலாகப் பதிவானது 1877இல் இந்நகரத்தில்தான். கடுகெண்ணெயில் கலந்த பிரம்மதண்டு விதையின் எண்ணெயே அதற்குக் காரணம் என்று நிலைநாட்டப்பட, அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை பலர் அதை பெரிபெரி என்று கொண்டனர். இரண்டும் ஒன்றெனக் கருதப்பட்ட அந்தக் காலத்திலேயே, புற நரம்பு கெடுவதற்கும் அன்றாட உணவுக்கும் உள்ள தொடர்பு இந்நகரத்து மருத்துவர்களின் கவனத்திற்கு வந்திருந்தது. 1988இல் வந்தது இந்த வரிசையில் இன்னொன்று; எனினும் இயல்பில் வேறானது. நீர்க்கோவை குருதி நாளங்களைத் தாக்கியது. பெஹாலா எண்ணெய் நரம்பின் நீளத்தைத் தாக்கியது.

'நீளத்தை' என்பது அணிநயத்துக்காகச் சொல்லப்படவில்லை. 1950களில் ஜான் கவனா என்னும் பிரிட்டிஷ் நரம்பு நோய்க்கூற்றியலர் கோழிகளுக்கு இந்நஞ்சைக் கொடுத்து ஆராய்ந்தார். எலிகள் இதனை எளிதில் தாங்கிக்கொள்கின்றன. கோழி மனிதரைப் போலவே வீழ்கிறது. கவனா கண்ட ஒழுங்கு இது: மிக நீளமும் மிகு தடிமனும் கொண்ட நரம்பிழைகளே முதலில் கெடுகின்றன, அவையும் செல்லின் உடலுக்கு மிகத் தொலைவிலுள்ள நுனியில்தான் கெடத் தொடங்குகின்றன. நுனியிலிருந்து பின்னோக்கி மடிவது என்று பொருள்படும் பெயர் இவ்வகை நோய்களுக்கு நிலைத்தது. தண்டுவடத்தின் இடுப்புப் பகுதியிலிருந்து பாதம் வரை நீளும் ஆக்ஸான் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமானது. அந்த ஆக்ஸானுக்கு வேண்டிய புரதங்களெல்லாம் தண்டுவடத்திலுள்ள செல்லின் உடலிலேயே செய்யப்பட்டு, அந்த ஒரு மீட்டரையும் கடந்து வர வேண்டும். கடைமடைக்கு நீர் வராதபோது முதலில் கருகுவது கடைசி வயல்தானே. 1969இல் மார்ட்டின் ஜான்சன், இந்நஞ்சு பற்றிக்கொள்ளும் நொதியை இனங்கண்டார். நரம்பு நச்சிலக்கு எஸ்டரேஸ் என்று அது பிற்காலத்தில் பெயர் பெற்றது. கரிம பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகளைச் சந்தைக்கு விடுமுன் கோழிகளில் சோதிக்கும் வழக்கம் இந்த ஆய்வு மரபிலிருந்து உருவானதே.

ஆக, பெஹாலாவில் மாண்டவை ஆக்ஸான்கள். அவற்றைச் சூழ்ந்திருந்த ஷ்வான் செல்கள் மாளவில்லை. நோயின் பின்வரலாறு முழுவதும் இந்த ஒற்றை வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

தியோடர் ஷ்வான் 1839இல் வெளியிட்ட நூல், விலங்குடல் யாவும் செல்களால் ஆனது என்று நிறுவியதற்காக நினைக்கப்படுகிறது. அந்நூலில் அவர் நரம்பிழையின் உறையில் உட்கருக்கள் இருப்பதையும் விவரித்தார். செல்கள் வரிசையாக ஒட்டி இணைந்து நரம்பிழையாக மாறுகின்றன, உட்கருக்கள் அவற்றின் எச்சம் என்பது அவர் கொண்ட விளக்கம். விளக்கம் தவறு, கண்ட காட்சி சரி. தவறான விளக்கத்துடன் சரியான காட்சியைப் பதிவு செய்தவரின் பெயரே அச்செல்லுக்கு நிலைத்தது அறிவியல் வரலாற்றின் ஒரு சிறு வேடிக்கை. 1850இல் அகஸ்டஸ் வாலர், தவளையின் நாவுக்குச் செல்லும் நரம்புகளை வெட்டி, வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதி மட்டும் சிதைவதைக் காட்டினார். 1870களின் தொடக்கத்தில் ரான்வியர், மையலின் உறை இடைவெளி விட்டுத் துண்டுதுண்டாக அமைந்திருப்பதையும், ஒரு துண்டுக்கு ஓர் உட்கரு என்ற கணக்கையும் கண்டறிந்தார். மையலின் என்பது ஷ்வான் செல் தன் சவ்வையே ஆக்ஸானின் மீது பாய் சுருட்டுவதுபோல் பன்முறை சுற்றியதால் ஆனது என்பதற்கு 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோழிக் கருவின் நரம்பை மின்னணு நுண்ணோக்கியில் கண்டு அதைச் சொன்னவர் பெட்டி கெரன்.

இவற்றுக்கிடையே நடந்த ஒரு சண்டை பெஹாலாவைப் புரிந்துகொள்ள மிகத் தேவையானது. 1891இல் ஆட்டோ ஃபான் பூங்னர், சிதைந்த நரம்பினுள் ஷ்வான் செல்கள் பெருகி நீண்ட பட்டைகளாக அணிவகுத்து நிற்பதை விவரித்தார். இப்பட்டைகள் தாமே புதிய நரம்பிழையாக மாறுகின்றன என்று அவரும் அவரையொத்தோரும் வாதிட்டனர். ரமோன் இ கஹால் இதனைக் கடுமையாக மறுத்தார். உயிரோடுள்ள மேல்முனையிலிருந்து ஆக்ஸான்கள் முளைத்துக் கீழிறங்குவதை வெள்ளிச் சாயத்தில் அவர் காட்டினார். ராஸ் ஹாரிசன் 1907இல் உடலுக்கு வெளியே, நிணநீர்த் துளியில் நரம்பிழை தானே வளர்வதைக் காட்டியதும் விவாதம் முடிந்தது. கஹாலின் வெற்றி முழுமையானது. ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது: நரம்பிழைதான் வளர்கிறது என்றதும் பட்டைகள் வெறும் பின்னணியாகிவிட்டன. கஹால் அவ்வாறு கருதவில்லை; வளரும் நுனியை ஈர்க்கும் பொருளை ஷ்வான் செல்களே சுரக்கின்றன என்று அவர் எழுதினார். பாடநூல்கள் அவருடைய வெற்றியை எடுத்துக்கொண்டன. எச்சரிக்கையை நெடுங்காலம் விட்டுவிட்டன.

இன்று அறியப்படும் நிகழ்முறை கஹாலின் ஊகத்துக்கு அரண் செய்கிறது. ஆக்ஸான் மடிந்த ஓரிரு நாள்களில் ஷ்வான் செல் மையலின் செய்வதை நிறுத்துகிறது. தான் சுற்றிய உறையைத் தானே உடைத்து உண்ணத் தொடங்குகிறது. எஞ்சியதை அகற்ற மேக்ரோபேஜ்களை அழைக்கிறது. பிறகு பிரிந்து பெருகி, பழைய உறையின் அடித்தள மென்படலம் என்னும் குழலுக்குள் வரிசையாக நின்று பூங்னர் பட்டையாகிறது. நரம்பு வளர்ச்சிக் காரணி முதலிய ஊட்டப் புரதங்களைச் சுரக்கிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கிறிஸ்டியன் ஜெசன், ரோனா மிர்ஸ்கி ஆகியோரின் ஆய்வுக்குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு, இம்மாற்றத்தின் தலைமைச் சாவி சி-ஜூன் என்னும் மரபணு இயக்கி என்று காட்டியது. அது நீக்கப்பட்ட எலிகளில் பட்டைகள் ஒழுங்காக அமைவதில்லை. நரம்பு மீள்வதும் பெரிதும் குன்றுகிறது. இது முதிர்ந்த செல் தன் இளமைக்குத் திரும்புவது மட்டும் அன்று; பழுதுபார்ப்பதற்கென்றே ஒரு தனி வடிவத்தை மேற்கொள்வது என்பது அவர்களுடைய முடிவு. நெசவாளி தறியை நிறுத்திவிட்டுக் கொத்தனாராவது போன்றது இது. வேலை முடிந்து ஆக்ஸான் வந்து சேர்ந்ததும் மறுபடியும் தறிக்குத் திரும்ப வேண்டும். புதிதாக நெய்த மையலின் துண்டுகள் பழையவற்றைவிடக் குட்டையானவை. ஆகவே மீண்ட நரம்பு மின்துடிப்பைக் கடத்தும். பழைய விரைவில் அன்று.

பெஹாலா நோயாளிக்கு இதில் ஒரு சலுகை இருந்தது. கத்தியால் அறுபட்ட நரம்பில் குழல்களும் அறுபடுகின்றன. முளைக்கும் ஆக்ஸான் தவறான குழலுக்குள் நுழைந்து தவறான தசையைச் சேரக்கூடும். ஹெர்பர்ட் செட்டன் 1943இல், போர்க்காலக் காயங்களைக் கண்டு, இவ்விரண்டையும் தனித்தனிப் பெயரிட்டுப் பிரித்தார்: ஆக்ஸான் மட்டும் அறுந்தது, நரம்பே அறுந்தது. நஞ்சால் மடிந்த நரம்பு முதல் வகையைப் போன்றது. அதன் குழல் அப்படியே இருக்கிறது. முளைவிடும் நுனி தன் பழைய பாதையிலேயே இறங்கலாம். வளர்ச்சி விரைவு மனிதரில் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு. முழங்காலுக்குக் கீழ் மடிந்த இழை பாதத்தின் சிறு தசைகளை எட்ட முந்நூறு, நானூறு மில்லிமீட்டர் கடக்க வேண்டும். ஆக, ஓராண்டு. அதன்பின் தசையோடு இணைப்பு, மையலின் நெசவு, மெலிந்த தசை தேறுதல். 1988இல் கால் வீழ்ந்தவருக்கு 1990இல்தான் தம் கால் தமக்கு எந்த அளவு திரும்பும் என்பது தெரிந்திருக்க முடியும்.

இத்தகைய கால்களின் மீட்சியை முறையாகப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று தமிழர்களைப் பற்றியது. கொல்கத்தாவுக்குப் பத்தாண்டு முந்தையது. 1977-78இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில், ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இடங்களில், இருபதுக்கு மேற்பட்ட இளம்பெண்களுக்குக் கைகால்கள் வலுவிழந்தன. தொற்று என்று கொள்ள வழியில்லை. ஒரே வீட்டில் ஆண்களுக்கு ஒன்றுமில்லை, சிறு குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை, தாய்க்கும் ஒன்றுமில்லை. நோயுற்றவர் அனைவரும் வளரிளம் பெண்கள். நிமால் சேனநாயக்கவும் ஜே. ஜெயரத்னமும் காரணத்தை எண்ணெயில் கண்டனர். பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் கொடுப்பது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். உளுந்தங்களியும் முட்டையும் அதனோடு வரும். இடுப்பெலும்புக்கு உரம் என்று தாய்மாரும் பாட்டிமாரும் ஊட்டிய அந்த எண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் இருந்தது. கனிம எண்ணெய் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றிச் சென்றபோது அது கலந்திருக்கலாம் என்பது அவர்கள் எட்டிய முடிவு. 1981இல் 'லான்செட்' இதழில் வெளியான அக்கட்டுரையின் தலைப்பிலேயே நல்லெண்ணெயும் வளரிளம் பெண்களும் இடம்பெற்றனர்.

மானிடவியலர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு. நோய் தாக்கியவர் யார், தாக்காதவர் யார் என்ற கோட்டை வரைந்தது வேதியியல் அன்று, சடங்கு. அந்தச் சடங்கு தெரியாத மருத்துவர் அந்தக் கோட்டைப் படித்திருக்க இயலாது. வழக்கத்தைக் குற்றவாளியாக்கி எழுதுவோரும் உண்டு. அது நேர்மையன்று. நல்லெண்ணெய் நஞ்சன்று, கலனே நஞ்சு. தோட்டத்து லயத்தில் வாழ்ந்த குடும்பம் தன் மகளுக்கென்று தேடி வாங்கிய மிகச் சிறந்த உணவு அது.

சேனநாயக்க அப்பெண்களை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து, நரம்புக் கடத்தல் சோதனைகளுடன் அதே 1981இல் இன்னொரு கட்டுரை வெளியிட்டார். இந்நோயின் இரு முகங்களும் துலங்க இத்தகைய நெடுங்காலப் பதிவே வேண்டும். தொங்கிய பாதமும் தளர்ந்த கையும் பெரும்பாலும் மெல்லத் திரும்புகின்றன. அது ஷ்வான் செல்லின் வேலை. ஆனால் தளர்ச்சி விலக விலக, அதனடியில் மறைந்திருந்த வேறொன்று மேலெழுகிறது: தொடைகளில் விறைப்பு, முழங்கால் அனிச்சையில் மிகை, கத்தரிக்கோல் போல் கால்கள் குறுக்கிடும் நடை. நோய் புதிதாகத் தோன்றியதன்று. நஞ்சு முதலிலேயே தண்டுவடத்தினுள்ளும் நீண்ட இழைகளைக் கொன்றிருந்தது. மூளையிலிருந்து இறங்கும் இழைகள் இடுப்புப் பகுதியிலும், காலிலிருந்து ஏறும் இழைகள் கழுத்துப் பகுதியிலும் மடிந்தன. இரண்டிலும் தொலைநுனி என்ற அதே ஒழுங்குதான். புற நரம்பு இறந்திருந்தவரை தசைக்கு எந்த ஆணையும் போகவில்லை. ஆகவே விறைப்பும் தெரியவில்லை. புற நரம்பு மீண்டதும் தண்டுவடத்தின் சேதம் வெளிப்பட ஒரு வாயில் கிடைத்தது. ஷ்வான் செல் தன் கடமையை நன்கு செய்ததே நோயாளிக்குப் புதிய துன்பம் வந்ததுபோல் தோன்றுவதற்குக் காரணமாயிற்று.

தண்டுவடத்தில் ஷ்வான் செல் இல்லை. அங்கே மையலின் செய்வது ஆலிகோடெண்ட்ரோசைட். அது பழுதுபார்க்கும் வடிவம் எடுப்பதில்லை, பட்டை கட்டுவதில்லை; சிதைந்த மையலின் அங்கே மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் கிடக்கிறது. மைய நரம்பிழை இயல்பிலேயே வளரும் ஆற்றல் அற்றது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1981இல் மொன்றியாலில் சாமுவேல் டேவிட்டும் ஆல்பர்ட் அகுவாயோவும் எலியின் கால் நரம்புத் துண்டு ஒன்றைத் தண்டுவடத்துக்கும் மூளைத்தண்டுக்கும் இடையே பாலமாக ஒட்டினர். வளராதென்று கருதப்பட்ட மைய இழைகள் அதனுள் சில சென்டிமீட்டர் வளர்ந்தன. மறுமுனையில் மைய மண்டலத்தை மீண்டும் தொட்டதும் நின்றன. குறை பெரும்பகுதி இழையில் இல்லை, அண்டை அயலில் இருந்தது. பெஹாலாவில் மக்கள் வீழ்ந்த அதே 1988இல் சூரிச்சில் காரோனியும் மார்ட்டின் ஷ்வாபும், மைய மையலினில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதக் கூறுகளைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். இலங்கைக் கட்டுரைகள், மொன்றியால் பாலம், சூரிச் புரதம், பெஹாலா எண்ணெய் ஆகிய நான்கும் எட்டாண்டு இடைவெளிக்குள் அடங்குகின்றன. ஒன்று மற்றொன்றைப் பார்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்நகரத்தில் இதே தொங்குபாதம் வேறொரு வழியிலும் வந்தது. கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் 1920கள் முழுவதும் எர்னஸ்ட் மியூர் தொழுநோய் ஆய்வை நடத்தினார். தடித்த நரம்பு, உணர்விழந்த தோல், மடங்கிய விரல், தொங்கும் பாதம் என்பன அங்கே அன்றாடக் காட்சிகள். தொழுநோயில் கதை தலைகீழானது: நஞ்சு ஆக்ஸானைக் கொன்று ஷ்வான் செல்லை விட்டுவைத்தது, தொழுநோய் நுண்ணுயிரியோ ஷ்வான் செல்லையே தன் வீடாகக் கொள்கிறது. ஷ்வான் செல்லைப் போர்த்திய அடித்தளப் படலத்தின் லாமினினையும், செல் பரப்பிலுள்ள டிஸ்ட்ரோகிளைக்கனையும் பற்றி அது உட்புகுவதை அனுரா ரம்புக்கனையும் உடனாய்வாளரும் 1990களின் இறுதியில் காட்டினர். 2013இல் அதே குழு, எலியில், அந்நுண்ணுயிரி ஷ்வான் செல்லைத் தண்டுச்செல் போன்ற நிலைக்கு மாற்றித் தன் பரவலுக்குப் பயன்படுத்துவதாக அறிவித்தது. செல்லின் உருமாறும் திறனே இங்கே பகைவனின் கருவியாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒரே பாதம். உள்ளே, ஒன்றில் வழி இருக்கிறது, பயணி இல்லை. மற்றதில் வழியே அழிகிறது.

வழி இருப்பதும் என்றென்றைக்கும் அன்று. ஆக்ஸான் வராமல் நெடுநாள் நிற்கும் ஷ்வான் செல்கள் மெலிந்து, எண்ணிக்கை குறைந்து, சுரப்பு ஓய்ந்துபோகின்றன. எலிகளில் சூசன் ஃபூவும் டெஸ்ஸா கார்டனும் 1995இல் செய்த சோதனைகள் இதனை உறுதிப்படுத்தின. மாதங்கள் கடக்கக் கடக்க, வந்துசேரும் இழைகளை ஏற்கும் ஆற்றல் குன்றுகிறது. வயது ஏறினாலும் அவ்வாறே. ஆகவே ஒரே புட்டி எண்ணெயை உண்ட ஒரே குடும்பத்தில் பத்து வயதுச் சிறுவனும் அறுபது வயதுப் பாட்டியும் ஒரே அளவில் மீள்வர் என எதிர்பார்க்க உயிரியலில் இடமில்லை. காத்திருப்புக் காலத்தில் தசையும் மூட்டும் இறுகிவிடாமல் காப்பது இயன்முறை மருத்துவத்தின் பங்கு. 1959இல் மொராக்கோவின் மெக்னெஸ் வட்டாரத்தில், விமான மசகெண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் ஏறத்தாழ 10,000 பேர் வீழ்ந்தபோது, செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பு பல நாடுகளிலிருந்து இயன்முறை மருத்துவர்களை அனுப்பி மறுவாழ்வு நிலையங்களை நடத்தியது. ஆக்ஸான் வந்துசேரும்வரை காலைத் தயாராக வைத்திருக்கும் ஏற்பாடு அது. காத்திருந்தும் வராதபோது, வேலை செய்யும் வேறொரு தசையின் நாணைத் திருப்பிப் பாதத்தைத் தூக்கும் அறுவை உண்டு. வேலூரில் பால் பிராண்டும் அவர்வழி வந்தோரும் தொழுநோயாளரின் கைகால்களில் தசைநாண் மாற்று அறுவைகளைச் செம்மைப்படுத்தியது இந்திய மருத்துவத்தின் நன்கறியப்பட்ட பக்கம். அதே நுட்பம் நஞ்சால் தொங்கிய பாதத்துக்கும் பொருந்தும். விறைப்புத் தொடங்கிய பாதத்துக்குப் பொருந்தாது. எனவே எந்தக் கால் எந்த நிலையில் இருக்கிறது என்று ஆண்டுதோறும் பார்ப்பது ஆராய்ச்சி ஆர்வம் மட்டும் அன்று, சிகிச்சையின் முதற்படி.

இங்கேதான் இத்தகைய பேரிடர்கள் பதிவாகும் முறை குறையுடையதாகிறது. எண்ணிக்கை எடுப்பது முதல் மாதங்களில் நடக்கிறது. மருத்துவச் சான்று அப்போது எழுதப்படுகிறது, இழப்பின் அளவு அப்போது மதிப்பிடப்படுகிறது. அந்த நாளில் மிகக் கொடியதாகத் தோன்றும் தளர்ந்த கால், ஷ்வான் செல்லின் தயவால் இரண்டாண்டில் பெருமளவு மீளலாம். அன்று இலேசாகத் தோன்றியவருக்கு, தண்டுவடச் சேதம் பின்னாளில் வெளிப்பட்டு, நடை என்றென்றைக்கும் விறைத்துப்போகலாம். முதல் மாதப் பட்டியல் இருவரையும் தவறாக அளக்கிறது. நரம்பின் கால அளவு ஒன்று, கோப்பின் கால அளவு வேறு.

அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்தின் இறுதியில், 1930இல், மதுவுக்கு மாற்றாகக் குடிக்கப்பட்ட ஜமைக்கா இஞ்சிச் சாற்றில் இதே வேதிப்பொருள் கலக்கப்பட்டுப் பல்லாயிரம் பேர் முடமாயினர். பெரும்பாலோர் ஏழைகள், அவர்களுடைய நடை நாட்டுப்புறப் பாட்டுகளில் கேலிப்பொருளாயிற்று. கலப்படத்தைக் கண்டுபிடித்த ஆய்வு அதே ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் அம்மனிதர்கள் மருத்துவ இதழ்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தனர். ஜான் மார்கன் என்னும் மருத்துவரும் அவருடன் பெனோவிச்சும் எஞ்சியவர்களைத் தேடிப்பிடித்துச் சோதித்து, 1978இல் 47 ஆண்டுப் பின்தொடர்வு என்று தலைப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டனர். முதியவர்களான அவர்களிடம் எஞ்சியிருந்தது பெரும்பாலும் புற நரம்பின் தளர்ச்சி அன்று, தண்டுவடத்தின் விறைப்பு. அவர்களுள் பலர் தமக்கு நேர்ந்தது புற நரம்பு நோய் என்றே வாழ்நாள் முழுவதும் கருதப்பட்டவர்கள்.

இலங்கைத் தோட்டங்களில் 1978இல் பதின்மூன்று வயதாயிருந்த பெண்ணுக்கு இப்போது அறுபது வயது கடந்திருக்கும். அமெரிக்க முதியவர்களுக்குக் கிடைத்த அதே 47 ஆண்டுக் கணக்கு அவருக்கு 2025இல் நிறைவடைந்தது. பெஹாலாவில் வீழ்ந்தவர்களுக்கு அது 2035இல் நிறைவடையும்.